2 லிட்டர் இன்ஜினுக்கு எந்த டர்போ? மேப் வைத்துப் பேசலாம்

நாலாம்கியர்

வணக்கம் எல்லோருக்கும். என் வண்டியில் 2.0 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்தது. கம்ப்ரஷன் 9:1. இன்டர்கூலரை (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) பெரிதாக்கியாச்சு, 3 அங்குல எக்ஸாஸ்ட் போட்டாச்சு, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) முழுதாக ட்யூன் செய்யக்கூடியது. எரிபொருள் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 550 சிசி. கனெக்டிங் ராட், பிஸ்டன் இரண்டும் கம்பெனி உருப்படிதான்.

கம்பெனி டர்போ 3000 ஆர்பிஎம்மிலேயே 1.2 பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் ஏற்றும் அழுத்தம்) கொடுத்துவிடுகிறது. ஆனால் 5500 தாண்டினால் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது. ஈசியூ பதிவு செய்யும் லாக் எடுத்துப் பார்த்தேன்: 6500-ல் பூஸ்ட் 0.7-க்கு இறங்கிவிடுகிறது. பூஸ்ட் கன்ட்ரோல் சொலினாய்டு 100 சதவீதத்தில் நிற்கிறது, வேஸ்ட்கேட் (புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) மூடித்தான் இருக்கிறது.

கிராங்கில் 320 முதல் 340 ஹெச்பி வேண்டும். தினசரி ஓட்டும் வண்டி, எப்போதாவது டிராக்கில் போடுவேன். மூன்று டர்போ பார்த்து வைத்திருக்கிறேன், மூன்றும் காரெட்: ஜிடி2860ஆர்எஸ், ஜிடி2871ஆர், ஜிடி3076ஆர். நண்பர்கள் எல்லோரும் “பெரியதையே வாங்கு, பூஸ்ட்டைக் குறைத்து வைத்துக்கொள், நாளைக்கு ஆசை வந்தால் ஏற்றலாம்” என்கிறார்கள். சரியா?

சுழல்தண்டு

லாக் எடுத்துவிட்டுக் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை. வேஸ்ட்கேட் மூடியிருந்தும் பூஸ்ட் இறங்குகிறது என்றால் அந்த டர்போவின் எல்லை வந்துவிட்டது. அதற்கு மேல் ட்யூனில் அழுத்தினால் டர்போவின் தண்டு வேகம்தான் ஏறும், காற்று ஏறாது.

இனி கணக்குப் போடலாம். டர்போ தேர்வில் முதலில் தெரிய வேண்டியது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை பவுண்ட் காற்றை விழுங்கும் என்பது. பூஸ்ட் எத்தனை பார் என்பதெல்லாம் அப்புறம்.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை உறிஞ்சும். 7000 ஆர்பிஎம்மில் 2 லிட்டர் × 3500 = 7000 லிட்டர், அதாவது 7 கன மீட்டர். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (சிலிண்டர் உண்மையில் நிரம்பும் அளவு) 95 சதவீதம் என்று வைத்தால் 6.65. மேனிஃபோல்டில் 1.2 பார் பூஸ்ட் என்றால் முழு அழுத்தம் 2.2 பார். இன்டர்கூலர் தாண்டி வரும் காற்று 45 டிகிரி என்று வைத்தால் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 2.41 கிலோ. பெருக்கினால் நிமிடத்துக்கு 16 கிலோ, அதாவது 35 பவுண்ட். பெட்ரோலில் ஒரு பவுண்ட் காற்றுக்கு கிராங்கில் 9.5 முதல் 10 ஹெச்பி என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். ஆக 335 முதல் 350. நீங்கள் கேட்ட சக்தி 1.2 பாரிலேயே இருக்கிறது. பூஸ்ட்டை ஏற்றத் தேவையே இல்லை, 7000 வரை அதைத் தாங்கிப் பிடிக்கும் டர்போதான் தேவை.

அடுத்து அழுத்த விகிதம், அதாவது கம்ப்ரசரிலிருந்து (டர்போவில் காற்றை அழுத்தும் பக்கம்) வெளியே போகும் அழுத்தத்தை உள்ளே வரும் அழுத்தத்தால் வகுத்தது. இங்கே நிறைய பேர் 2.2-ஐ அப்படியே எடுத்துக்கொள்வார்கள். இன்டர்கூலரிலும் பைப்பிலும் 0.1 பார் போகும், அதனால் கம்ப்ரசர் வாயில் 2.3 வேண்டும். ஃபில்டர் பக்கத்தில் கொஞ்சம் உறிஞ்சல் இருக்கும், உள்ளே வருவது 1.01 இல்லை, 0.99. 2.3-ஐ 0.99-ஆல் வகுத்தால் 2.32.

கம்ப்ரசர் மேப்பில் (கீழ்க்கோட்டில் காற்றளவு, நிமிர்ந்த கோட்டில் அழுத்த விகிதம் உள்ள வரைபடம்) குறிக்க வேண்டிய முதல் புள்ளி இதுதான்: 35 பவுண்ட், 2.32. அதோடு நிறுத்திவிடாதீர்கள். 3000, 4000, 5000-க்கும் கணக்குப் போட்டு வையுங்கள். பூஸ்ட் அதே 1.2 என்றால் காற்று ஆர்பிஎம்மோடு இறங்கும்: 5000-ல் 25, 4000-ல் 20, 3000-ல் 15.

நாலாம்கியர்

மிக்க நன்றி அண்ணா. மேப்பைத் திறந்து வைத்துக் குறித்தேன். 2860ஆர்எஸ்-ல் 35 பவுண்ட் வலது ஓரத்துக்கே போய்விடுகிறது. 2871-ல் வசதியாக உட்காருகிறது. 3076-ல் மேல் புள்ளி நன்றாக உள்ளே இருக்கிறது, ஆனால் 3000 ஆர்பிஎம் புள்ளி இடது கோட்டுக்கு வெளியே விழுகிறது. அது சர்ஜ் கோடுதானே? ப்ளோ ஆஃப் வால்வ் நல்லதாகப் போட்டால் சரியாகிவிடுமா?

சுழல்தண்டு

இரண்டும் வேறு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் மூடி, அழுத்தம் திரும்பி கம்ப்ரசரை அடிக்கும். படபடவென்று ஒரு சத்தம் வரும். அதைக் காப்பது ப்ளோ ஆஃப் வால்வ். நீங்கள் மேப்பில் பார்ப்பது கால் அழுத்தியிருக்கும்போதே வருவது: சக்கரம் தள்ளும் காற்றை இன்ஜின் விழுங்க முடியாமல் காற்று பின்னோக்கி வழியும். பூஸ்ட் லாக்கில் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும், டர்போவின் பேரிங் அடி வாங்கும். அதற்கு வால்வ் உதவாது. பூஸ்ட்டை அந்த இடத்தில் குறைக்க வேண்டும், அல்லது வாயில் துவாரம் வைத்த ஆன்டி சர்ஜ் கவர் வேண்டும், அல்லது சின்ன சக்கரம்.

3076 உங்கள் இன்ஜினில் 3000-ல் 1.2 பார் கொடுக்கவும் போவதில்லை என்பது வேறு கதை. 2 லிட்டரில் அது முழுதாக விழித்தெழ 4000-க்கு மேல் ஆகும்.

வலது ஓரம் பற்றியும் ஒன்று. ஓரத்தில் எஃபிஷியன்சி சரிவதால் காற்று சூடாகும். உள்ளே வரும் காற்று 30 டிகிரி, விகிதம் 2.32 என்று வைத்துப் பாருங்கள். 74 சதவீத எஃபிஷியன்சியில் கம்ப்ரசரிலிருந்து வெளியே வரும் காற்று 141 டிகிரி. அதே விகிதம், 62 சதவீதம் என்றால் 163. இந்த 22 டிகிரியை இன்டர்கூலர் தலையில் கட்டுகிறோம். அது முழுதாகச் சமாளிக்காவிட்டால் நாக் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) வரும், ஸ்பார்க் டைமிங்கைப் பின்வாங்க வேண்டும், சக்தி போகும்.

பட்டறைவாசி

கம்ப்ரசர் பக்கம் அருமையாகச் சொல்லிவிட்டார். ஆனால் நான் பார்த்த வரை, தவறான டர்போ வாங்கியவர்களில் பெரும்பாலோர் கம்ப்ரசர் மேப்பை ஒழுங்காகப் பார்த்தவர்கள்தான். டர்பைன் பக்கத்தை, அதாவது எக்ஸாஸ்ட் புகையால் சுழலும் பக்கத்தை, யாரும் பார்ப்பதில்லை.

2860ஆர்எஸ்ஸும் 2871ஆரும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் சக்கரத்தின் வெளி விட்டம் ஒன்றில் 60 மில்லிமீட்டர், இன்னொன்றில் 71. டர்பைன் சக்கரமோ இரண்டிலும் அதே 53.9 மில்லிமீட்டர்தான். முன்பக்கம் வாய் பெரிதாகிறது, பின்பக்கம் வெளியேறும் வழி அப்படியே இருக்கிறது. 3076-ல்தான் டர்பைன் 60 மில்லிமீட்டராகிறது.

காற்று உள்ளே போனால் புகையாக வெளியே வந்தாக வேண்டும். வழி குறுகலாக இருந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறும். பூஸ்ட் 1.2 இருக்கும்போது அங்கே 1.3, 1.5 என்றால் சந்தோஷம். இரண்டு மடங்கைத் தாண்டினால் எரிந்த புகை சிலிண்டரிலேயே தங்கிவிடும், அடுத்த சுற்றில் வரும் புதுக்காற்றைச் சூடாக்கும். அப்புறம் டைமிங் கொடுக்கவே முடியாது. பூஸ்ட் கேஜ் 1.2 என்றே காட்டும், வண்டி மட்டும் ஓடாது.

இதை ஊகிக்கத் தேவையில்லை, அளக்கலாம். மேனிஃபோல்டில் நாலு குழாயும் சேரும் இடத்தில் ஒரு துளை போட்டு மெல்லிய ஸ்டீல் குழாய் வைக்க வேண்டும். அரை மீட்டர் நீளமாவது இருக்கட்டும், சுருட்டி வையுங்கள். அந்த நீளத்தில் சூடு தணிந்துவிடும், சென்சார் கருகாது. முனையில் சாதாரண பிரஷர் சென்சார் மாட்டி, அதன் வயரை ஈசியூவில் காலியாக இருக்கும் இன்புட்டில் கொடுத்தால் பூஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே அதன் கோடும் லாக்கில் வரும். ஒரு வண்டியில் 1.2 பூஸ்ட்டுக்கு எக்ஸாஸ்ட் பக்கம் 2.6 பார் பார்த்தேன். ஓட்டுபவர் அதுவரை இக்னிஷன் காயிலையும் ப்ளக்கையும் மாற்றிக்கொண்டே இருந்தார். டர்பைன் ஹவுசிங்கை (சக்கரத்தைச் சுற்றியுள்ள கூடு) மட்டும் பெரிதாக்கினோம். பூஸ்ட் அதேதான், ட்யூனர் டைமிங்கைக் கூட்ட முடிந்தது, வண்டி ஆளே மாறிவிட்டது.

நாலாம்கியர்

அண்ணே, ஹவுசிங் என்றால் ஏ/ஆர் எண்ணா? 2860ஆர்எஸ்-க்கு 0.64, 0.86 என்று இரண்டு இருக்கிறது.

பட்டறைவாசி

அதேதான். புகை சுழன்று வரும் பாதையின் குறுக்குப் பரப்பை, சக்கரத்தின் மையத்திலிருந்து அந்தப் பரப்பின் மையம் வரை உள்ள தூரத்தால் வகுத்தால் வருவது. சின்ன எண் என்றால் புகை வேகமாகப் பாயும், டர்போ சீக்கிரம் சுழலும், மேலே நெரிக்கும். பெரிய எண்ணில் நேர்மாறு. தினசரி வண்டி என்கிறீர்கள், என் கை 0.64 பக்கம்தான் போகும்.

நீலப்புகை

இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவருடைய புகார் என்ன? 5500-க்கு மேல் மூச்சு முட்டுகிறது என்பதுதான். கீழே இழுவை போதவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. அப்படியிருக்க 0.64 போட்டு மேலே திரும்ப நெரிப்பானேன்? இன்னொன்று, ராட் கம்பெனி ராட். அதை வளைப்பது ஹெச்பி இல்லை, டார்க். 3000 ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் ஏறினால் பிஸ்டன் மெதுவாக நகரும்போதே உச்ச அழுத்தம் வந்து ராடின் தலையில் உட்காரும். அந்த இடத்தில் ஒரு நாக் வந்தால் போதும். அதே 1.2 பார் 4000-க்கு அப்புறம் வந்தால் ராட் பல நாள் உழைக்கும். 0.86 இயல்பாகவே அதைச் செய்துகொடுக்கிறது.

பட்டறைவாசி

ராட் விஷயம் நூறு சதவீதம் சரி. ஆனால் அதை ஈசியூவில் செய்யலாம்: 3000-ல் 0.8, 3500-ல் 1.0, 4200-ல் 1.2 என்று பூஸ்ட் டேபிளைச் சாய்த்து எழுதினால் போதும். சீக்கிரம் எழும் டர்போவைப் பிடித்து நிறுத்தலாம். எழாத டர்போவை ட்யூனில் எழுப்ப முடியாது. தினமும் 2500-ல் ஓட்டுபவருக்கு அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

நீலப்புகை

பிடித்து நிறுத்தலாம், ஒப்புக்கொள்கிறேன். மேலே நெரிப்பதை மட்டும் எந்த டேபிளாலும் சரிசெய்ய முடியாது. அவர் லாக்கைப் பார்த்தபின் எனக்கு அதுதான் முக்கியம்.

ஒற்றைச்சாலை

ட்வின் ஸ்க்ரோல் (டர்பைனுக்குப் புகை போக இரண்டு தனிப் பாதை) போட்டால் இந்தச் சண்டையே வேண்டாமே?

சுழல்தண்டு

முழுதாகச் செய்தால் மட்டும். எரியும் வரிசை 1-3-4-2 என்றால் 1, 4 ஒரு ஜோடி, 2, 3 இன்னொரு ஜோடி. ஒரு சிலிண்டரின் புகை அலை அடுத்ததன் வால்வில் போய் இடிக்காமல் இருக்க, மேனிஃபோல்டிலிருந்து டர்பைன் சக்கரம் வரை இரண்டு பாதையும் தனித்தனியாக வர வேண்டும். வேஸ்ட்கேட்டும் இரண்டு பாதையையும் பிரித்தே எடுக்க வேண்டும். சாதாரண மேனிஃபோல்டில் ட்வின் ஸ்க்ரோல் ஹவுசிங் மாட்டினால் பயன் இல்லை. இவரிடம் இருப்பது கம்பெனி மேனிஃபோல்ட். விட்டுவிடலாம்.

மேகமலைப்பாதை

ஒன்று கேட்க வேண்டும், வண்டி உயரமான இடத்துக்குப் போகுமா? மேலே போட்ட கணக்கெல்லாம் கடல் மட்டத்துக்கு. 1500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று சுமார் 0.85 பார்தான். ஈசியூ முழு அழுத்தத்தைக் குறிவைத்து 2.2-ஐ விடாமல் பிடித்தால், ஃபில்டர் இழப்பும் சேர்த்து விகிதம் 2.3 ÷ 0.83 = 2.77 ஆகிவிடும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, மேப்பின் கீழ்க்கோட்டில் இருப்பது உள்ளே வரும் காற்றின் அழுத்தத்துக்கு ஏற்பத் திருத்திய காற்றளவு என்பது. உள்ளே வரும் அழுத்தம் குறைந்தால் அதே 35 பவுண்ட் மேப்பில் 42 பவுண்டாக வலப்பக்கம் நகரும். 2860ஆர்எஸ்-ன் மேப்பை விட்டே வெளியே போய்விடும். கேஜில் எதுவும் தெரியாது, தண்டு மட்டும் அளவுக்கு மீறிச் சுழலும். வெளிக்காற்றழுத்த சென்சாரை வைத்து பூஸ்ட் இலக்கைக் குறைக்கும் டேபிள் இருக்கிறதா என்று ட்யூனரிடம் கேளுங்கள்.

நாலாம்கியர்

மலைச்சாலை உண்டு, அடிக்கடி இல்லை. அந்த டேபிள் ஈசியூவில் இருக்கிறது, இதுவரை நிரப்பவில்லை. நல்லவேளை கேட்டீர்கள்.

எல்லாவற்றையும் படித்தபின் எனக்கே ஒரு கேள்வி வருகிறது. 7000 வரை 1.2 பார் எனக்கு உண்மையிலேயே வேண்டுமா? நான் அழுத்தி ஓட்டுவது 3500-க்கும் 6500-க்கும் நடுவில்தான். 6500-ல் 1.2 பார் என்றால் கணக்குப்படி 33 பவுண்டுக்குள், 315-320 ஹெச்பி. அதற்கு மேல் 1.0-க்கு இறக்கினால் 7000-ல் 32 பவுண்ட்தான். அப்படியானால் 2860ஆர்எஸ் போதுமே?

சுழல்தண்டு

இதைத்தான் எதிர்பார்த்தேன். போதும். டர்பைன் சக்கரம் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் 2871-ன் பெரிய கம்ப்ரசரால் உங்களுக்குக் கிடைப்பது மேலே கொஞ்சம் குளிர்ந்த காற்று. கொடுக்கும் விலை, பெரிய சக்கரத்தைச் சுழற்றும் தாமதம். 340 கட்டாயம் என்றால் 2871. 320-ல் திருப்தி என்றால் 2860ஆர்எஸ். “பெரியதை வாங்கிக் குறைத்து ஓட்டு” என்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. குறைத்து வைத்த பெரிய டர்போ சின்ன டர்போ மாதிரி எழாது, தாமதம் முழுசாகக் கூடவே இருக்கும்.

நீலப்புகை

புதிய தலைமுறையையும் ஒரு முறை பாருங்கள். காரெட்டின் ஜி25-550-ல் கம்ப்ரசர் சக்கரத்தின் உள்வாய், வெளி விட்டம் 48/60 மில்லிமீட்டர். 2860ஆர்எஸ் 47.2/60. கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் பெயரிலுள்ள 550 அதன் ஹெச்பி எல்லை. பழையதற்கு 360. இறக்கையின் வடிவம் மாறியதில் வந்த வித்தியாசம். அதனால் மில்லிமீட்டரை மட்டும் வைத்து எந்த டர்போவையும் எடை போடக் கூடாது.

பட்டறைவாசி

ஃபிளாஞ்சும் பைப்பும் மாறும், அதையும் கணக்கில் எடுங்கள். அவர் மேனிஃபோல்டுக்கு ஜிடி28 வரிசை நேராக உட்காருமானால் நான் அதிலேயே நிற்பேன்.

தம்பி, இன்ஜெக்டரை யாரும் கேட்கவில்லையே. 550 சிசி என்றால் மணிக்கு 52 பவுண்ட். டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு ஹெச்பிக்கு மணிக்கு 0.6 பவுண்ட் எரிபொருள் என்று பாதுகாப்பாக வைப்போம். நாலு இன்ஜெக்டர், 80 சதவீத டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்): 52 × 4 × 0.8 ÷ 0.6 = 277 ஹெச்பி. அங்கேயே முடிந்துவிடும்.

நாலாம்கியர்

எரிபொருள் அழுத்தத்தை 3 பாரிலிருந்து 4-க்கு ஏற்றினால்?

பட்டறைவாசி

ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். 550, 635 ஆகும். 80 சதவீதத்தில் 320 ஹெச்பியைத் தொட்டு நிற்கும், மிச்சம் எதுவும் கையில் இருக்காது. அதோடு பூஸ்ட் 1.2 வரும்போது ரெகுலேட்டர் அதையும் கூட்டி 5.2 பாரில் நிற்கும். அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும். முழு பூஸ்ட்டில் கலவை மெலிந்தால் பிஸ்டன் போச்சு. 750 சிசி வாங்குங்கள், அடிப்படை அழுத்தம் 3-லேயே இருக்கட்டும், பம்ப்பையும் மாற்றுங்கள். முழு சுமையில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் இடையில் இருப்பதை வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரில் பார்க்காமல் பூஸ்ட் ஏற்றாதீர்கள்.

நாலாம்கியர்

சரி, முடிவு செய்துவிட்டேன். ஜிடி2860ஆர்எஸ், 0.86 ஹவுசிங், 750 சிசி இன்ஜெக்டர், புது பம்ப். பட்டறைவாசி அண்ணே கோபிக்க வேண்டாம், கம்பெனி ராடை நினைத்துத்தான் 0.86. எக்ஸாஸ்ட் அழுத்தம் அளக்கும் துளையை மேனிஃபோல்ட் கழற்றும்போதே போட்டுவிடுகிறேன். மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

பட்டறைவாசி

கோபமா? காரணத்தோடு எடுத்த முடிவு, அது போதும்.

இது பால் பேரிங் டர்போ. ஆயில் வரும் குழாயில் ரெஸ்ட்ரிக்டர் கட்டாயம், துளை சுமார் 1 மில்லிமீட்டர். இல்லாவிட்டால் ஆயில் நிரம்பி சீலைத் தாண்டிப் புகையும், ஜனங்கள் டர்போ போய்விட்டது என்று கழற்றுவார்கள். திரும்பும் குழாய் அகலமாக, முடிந்தவரை செங்குத்தாக, மடிப்பில்லாமல் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே இறங்க வேண்டும். ஆயில் தன் எடையால்தான் இறங்குகிறது. கிராங்க்கேஸ் மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலும் இதே புகை வரும். தண்ணீர்க் குழாய் இரண்டையும் மறக்காமல் கொடுங்கள், இன்ஜினை அணைத்தபின் பேரிங்கைக் காப்பது அதுதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி, ஆயில் அழுத்தம் வரும் வரை கிராங்க் செய்யுங்கள்.

சுழல்தண்டு

வேஸ்ட்கேட் பற்றி நான் சொல்கிறேன். ஸ்பிரிங் எத்தனை பாரோ அதற்குக் கீழே பூஸ்ட்டை இறக்க முடியாது. 0.7 ஸ்பிரிங் போட்டால் 3000-ல் 0.8-ஐயும் பிடிக்கலாம், சொலினாய்டு வைத்து 1.2-க்கும் போகலாம். மாட்டும்போது வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டரின் ராடை ஓரிரு மில்லிமீட்டர் இழுத்து மாட்டினால்தான் கதவு இறுக்கமாக மூடும்.

முதல் ஓட்டத்தில் சொலினாய்டைத் துண்டித்துவிட்டு, ஸ்பிரிங் பூஸ்ட்டில் மட்டும் நாலாவது கியரில் மேலே வரை இழுத்து லாக் எடுங்கள். 0.7-ல் தட்டையாக நின்றால் நல்லது. 5000-க்கு மேல் 0.8, 0.9 என்று தானாக ஏறினால் வேஸ்ட்கேட் துளை போதவில்லை, 3 அங்குல எக்ஸாஸ்ட்டில் அடிக்கடி பார்ப்பது. அப்போது துளையை அகலப்படுத்தி, கதவு முழுதாகத் திறக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. லாக் வந்ததும் எக்ஸாஸ்ட் அழுத்தக் கோட்டோடு சேர்த்து இங்கே போடுங்கள், 0.64-ஆ 0.86-ஆ என்பதற்கு அதில் பதில் இருக்கும்.